கயிற்றின் இரண்டு முனையும் தெரியட்டும்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குத் தூத்துக்குடி. கணினி அறிவியல் கடைசி வருடம் படிக்கிறேன். கூடப் படிக்கும் இரண்டு பேரும் நானும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். என் தாத்தா சங்கு குளிக்கப் போனவர். மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கடியில் போய், சங்கு எடுத்துவிட்டு, மூச்சு தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். இதுதான் கேம். இடுப்பில் கயிறு இருக்கும், அதன் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். புரோகிராம் எழுதுவது நான். தோழி ஒருத்தி நன்றாக வரைவாள். இன்னொரு நண்பன், "2டி எல்லாம் பழைய காலம், 3டி இல்லையென்றால் ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள்" என்கிறான். தோழி 2டிதான் வேண்டும் என்கிறாள். இந்தச் சண்டையிலேயே ஒரு மாதம் போய்விட்டது. கையில் எட்டு மாதமும் இரண்டு லேப்டாப்பும் இருக்கின்றன. ஒன்றில் மட்டும்தான் கிராஃபிக்ஸ் கார்டு. எது சிறந்தது அக்கா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமை 2டியில் செய்யுங்கள். 3டி மட்டம் என்று நான் நினைக்கவில்லை, உங்கள் தோழிக்கு வரையத் தெரியும் என்பதற்காகவும் சொல்லவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கயிறுதான் காரணம்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ஒரு திரையை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் படகு, அதில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். நடுவில் நீலமாகத் தண்ணீர். அடியில் மணலில் தாத்தா குனிந்து தேடிக்கொண்டிருக்கிறார். கயிறு மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகத் தெரிகிறது. விளையாடுகிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டாம். மேலே போக எவ்வளவு தூரம், நெஞ்சில் மிச்சம் எவ்வளவு மூச்சு என்று கண்ணே கணக்குப் போட்டுவிடும். "இன்னும் ஒரு சங்கு எடுத்துவிடலாமா, இப்போதே கயிற்றை இழுத்துவிடலாமா?" உங்கள் கேம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். விடை சொல்லத் தேவையான அத்தனையும் அந்தப் படத்தில் இருக்கிறது.

இதையே 3டியில் வையுங்கள். கேமரா தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அவர் மணலைப் பார்க்கும்போது கயிறு தலைக்கு மேல் எங்கோ போய் மறைந்துவிடும். படகைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும், அண்ணாந்தால் சங்கு தெரியாது. கடைசியில் திரை ஓரத்தில் "ஆழம் 14 மீட்டர்" என்று ஒரு எண்ணைப் போடுவீர்கள். படம் செய்ய வேண்டிய வேலையை எண் செய்யும். படகில் இருக்கும் அந்த மனிதர், தாத்தாவின் உயிரையே கையில் பிடித்திருப்பவர், கேமிலிருந்து காணாமலே போய்விடுவார்.

இரண்டில் எது அழகு என்று பார்த்தால் சண்டை முடியாது. கேமரா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 2டியில் அது உங்கள் கையில். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று ஒவ்வொரு நொடியும் நீங்கள் முடிவு செய்யலாம். 3டியில் அதைப் பெரும்பாலும் விளையாடுகிறவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அது பெரிய சுதந்திரம், அதோடு பெரிய பாரமும்கூட. ஏனென்றால் அவர் எங்கே திரும்பிப் பார்த்தாலும் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும்.

1996-இல் நின்டென்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ 64' என்ற 3டி கேமை வெளியிட்டபோது இந்தப் பாரம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேமராவையே ஒரு பாத்திரமாக்கினார்கள். மேகத்தில் உட்கார்ந்து, தூண்டில் கம்பு முனையில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மாரியோவின் பின்னால் வரும் லகிட்டு அது. இப்படி ஒன்று உங்களைத் தொடர்ந்து வருகிறது, அதை நீங்கள்தான் திருப்ப வேண்டும் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். மாரியோ எங்கே குதித்தாலும் அவன் காலுக்கு நேர் கீழே ஒரு கறுப்பு வட்டம் விழும். வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் நிழல் நேர் கீழேதான். இயற்கைப்படி பார்த்தால் தவறு. ஆனால் அந்த வட்டம் இல்லாவிட்டால் அவன் எங்கே வந்து இறங்குவான் என்று நமக்குத் தெரியாது. என்னதான் 3டி என்றாலும் கண்ணுக்குக் கிடைப்பது தட்டையான திரைதானே.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தில், பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் எங்கள் சின்ன கேம் ஒன்றை 3டிக்கு மாற்றச் சொன்னார்கள். நான்கு மாதம் உழைத்தோம். பாறை, அருவி, பாசி என்று எல்லாம் கண்ணைப் பறித்தது. பத்து வயசுப் பையன் ஒருவனை விளையாட விட்டோம். முதல் பாறையிலிருந்து இரண்டாவது பாறைக்குக் குதிக்க வேண்டும். விழுந்தான். மறுபடி விழுந்தான். ஏழாவது தடவை கன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, அந்தக் கல்லு எவ்ளோ தூரத்துல இருக்குன்னே தெரியல" என்றான். அன்றைக்கு ராத்திரியே காலடியில் ஒரு கறுப்பு வட்டம் போட்டோம். மறுநாள் அதே பையன் இரண்டாவது முயற்சியிலேயே தாண்டிவிட்டான். நான்கு மாத வேலையில் அவனுக்கு உதவியது அந்த ஒரு வட்டம்தான். பழைய 2டி வடிவத்தில் அந்த வட்டத்துக்குத் தேவையே இருந்ததில்லை. தூரம் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, 3டியின் பக்கம் நியாயம் இல்லையா? நிறைய இருக்கிறது. உங்கள் நண்பரிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

2018-இல் முழுமையாக வெளிவந்த 'சப்னாட்டிகா' விளையாடியிருக்கிறீர்களா? வேறொரு கிரகத்தின் கடலில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவரின் கண்வழியே பார்க்கும் கேம். அதிலும் மூச்சுதான் கணக்கு. ஆனால் அதன் மொத்த பலமும் தெரியாத திசையில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுமுகிறது. திரும்பினால் வெறும் நீலம். அந்த வெறுமைதான் வயிற்றைப் பிசைகிறது. பக்கவாட்டுப் பார்வையில் இந்தப் பயத்தை எந்த ஓவியராலும் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அங்கே முதுகுப் பக்கம் என்ற ஒன்றே கிடையாது. 2016-இல் வந்த 'அப்சூ' வேறு விதம். அதில் சாகிற பேச்சே இல்லை. ஆயிரக்கணக்கான மீன்கள் நம்மைச் சுற்றிச் சுழலும். நாம் அதற்குள்ளே இருக்கிறோம் என்ற அந்த நிறைவை 3டி மட்டும்தான் தரும். உங்கள் கேம் கடலின் பயத்தைப் பற்றியதாகவோ, கடலுக்குள் சுற்றித் திரிவதைப் பற்றியதாகவோ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் நான் எதிர்முடிவைச் சொல்லியிருப்பேன், லேப்டாப் பற்றாது என்றாலும்கூட.

ஒரே கதைக்கு இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் 'எக்கோ த டால்ஃபின்' இருக்கிறது. 1992-இல் சேகா நிறுவனத்தின் கேம் கருவியில் வந்தது, பக்கவாட்டு 2டி. டால்ஃபினும் நம்மைப்போல மூச்சு விட மேலே வர வேண்டிய பிராணி. குகைக்குள் போகப் போக, காற்று இருக்கும் இடம் எந்தப் பக்கம் என்று மனதில் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவே 2000-இல் 3டியாக வந்தபோது பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் மேல், கீழ், இடம், வலம், முன், பின் எல்லாம் கலந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே பல இடங்களில் குழம்பும். தரையில் நடக்கும் 3டி கேமில் கால் தரையில் இருக்கும். தண்ணீரில் அந்தப் பிடிமானமும் இல்லை. தண்ணீருக்கடியில் நடக்கும் கேம் என்பதாலேயே 3டியின் கஷ்டம் உங்களுக்கு ஒரு மடங்கு கூடுதல்.

அப்புறம் தலைசுற்றல். 3டி கேம் விளையாடினால் சிலருக்குக் குமட்டும். கண், "நான் நகர்கிறேன்" என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, "இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறாய்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் தொந்தரவு. பார்வைக் கோணத்தை அகலமாக்குவது, கேமரா குலுக்கலை நிறுத்துவது, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் உதவும். உங்கள் தாத்தாவும் பாட்டியும் இந்த கேமைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவீர்கள்தானே? அவர்களுக்கு இரண்டு ஸ்டிக் பிடித்துக் கேமராவைத் திருப்பக் கற்றுக்கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேமில் எனக்கு உறுத்திய ஓர் இடம். பக்கவாட்டுப் பார்வையில் கடலடி வெறும் கோடு. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் அது போதும். ஆனால் சங்கு தேடுவது கோட்டில் நடக்காது. தேடல் என்றாலே ஒரு பரப்பு வேண்டும். இந்தப் பக்கம் போகலாமா அந்தப் பக்கம் போகலாமா என்ற தவிப்பு வேண்டும். கோட்டில் இருப்பது முன்னே, பின்னே, அவ்வளவுதான். மூன்று நாள் விளையாடியதும் அலுத்துவிடும்.

இதற்காக 3டிக்கு ஓட வேண்டாம். தாத்தா அடியைத் தொட்டதும் பார்வையை மாற்றுங்கள். நேர் மேலிருந்து, பருந்து பார்ப்பதுபோல. அதுவும் 2டிதான். மணல் பரப்பு, பாறை, பாசி, மணலில் பாதி புதைந்த சங்கு. கயிறு இப்போது தாத்தாவின் இடுப்பிலிருந்து படகு இருக்கும் திசைக்கு ஒரு கோடாக ஓடும். தூரம் போகப் போக அது விறைக்கும். கயிறு எட்டும் வட்டத்துக்குள்தான் தேட முடியும் என்பதை யாரும் சொல்லாமலே விளையாடுகிறவர் புரிந்துகொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், பார்வை மறுபடி பக்கவாட்டுக்கு மாறி, மேலேற்றம். இப்படி இரண்டு 2டியை மாற்றி மாற்றிக் காட்டலாம். எந்த நேரத்தில் எது தெரிய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்வதால்தான் இது முடிகிறது.

நேர் மேலிருந்து பார்ப்பதில் உங்கள் தோழிக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு. சாய்வாகப் பார்க்கும் கோணம் என்றால் எட்டுத் திசைக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். இடம் வலமாகப் புரட்டிப் போட்டாலும் ஐந்து திசை. ஐந்து செயல், செயலுக்கு எட்டுப் படம் என்று வைத்தால் 200 ஓவியம். நேர் மேலிருந்து என்றால் ஒரு திசையில் வரைந்து, அதையே சுழற்றிக்கொள்ளலாம். 40 ஓவியத்தோடு முடிந்தது. பக்கவாட்டுக் காட்சிக்கு ஒவ்வொரு ஃபிரேமையும் வரைய வேண்டாம். தோல்பாவையில் கையும் காலும் தனித்தனியாக மூட்டில் கட்டியிருக்கும் அல்லவா, அதேபோல உடம்பைத் துண்டுதுண்டாக வரைந்து மூட்டுகளில் இணைத்து அசைக்கலாம். தண்ணீருக்குள் அசைவு எப்படியும் மெதுவாக, மிதந்தாற்போல் இருக்கும் என்பதால் இந்த முறை பொருத்தமாக வரும்.

இங்கே எச்சரிக்கையும் செய்துவிடுகிறேன். 2டி என்றால் சுலபம் என்று நினைத்து இறங்காதீர்கள். 'ஸ்டார்டியூ வேலி' பார்க்க எளிமையான 2டி கேம். எரிக் பரோன் அதைத் தனி ஆளாகச் செய்ய நாலரை வருடம் ஆனது. 2017-இல் வந்த 'கப்ஹெட்' காகிதத்தில் கையால் வரைந்து செய்தது, அதற்கும் வருடக்கணக்கில் பிடித்தது. கம்ப்யூட்டருக்கும் 2டி எப்போதும் லேசாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2048-க்கு 2048 பிக்சல் உள்ள ஒரு படத்தைச் சுருக்காமல் வைத்தால் 16 எம்பி நினைவகம் போய்விடும். பெரிது பெரிதாக ஓவியங்களை அடுக்கிக்கொண்டே போனால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் திணறலாம். 3டியில் ஒரு மாடலைச் செய்து, அதை அசைக்க உள்ளே ஒரு எலும்புக்கூடு பொருத்திவிட்டால், பிறகு புது அசைவும் புதுக் கோணமும் மலிவாகக் கிடைக்கும். செலவு முழுவதும் முன்னாலேயே வந்துவிடும். எட்டு மாதத்தில், இதுவரை யாரும் மாடல் செய்து பழகாத மூன்று பேருக்கு அந்த முன்செலவுதான் தாங்காது.

ஆழத்தை எண்ணாகக் காட்டாதீர்கள் என்றேன். வேறு எப்படிக் காட்டுவது? நிறத்தால் காட்டுங்கள். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். தாத்தா இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருக்கட்டும். மேற்பரப்பில் அது பளிச்சென்று இருக்கும். கீழே போகப் போகப் பழுப்பாகி, அடியில் கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். மேலே வரும்போது அந்தச் சிவப்பு மெல்லத் திரும்பி வரும். மூச்சு தீரப் போகும் நேரத்தில் அந்தத் துண்டு சிவக்கத் தொடங்குவதைப் பார்க்கிற ஒருவருக்கு என்ன நிம்மதி இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் தோழியிடம் இதைச் சொன்னால் அவரே மேலே கொண்டுபோவார்.

உங்கள் வேலை இது: பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், நுரையீரலில் உள்ள காற்று பாதி அளவுக்குச் சுருங்கும். அதனால் மேல்மட்டத்தில் உடம்பு மிதக்கப் பார்க்கும், இறங்க உந்த வேண்டும். ஒரு ஆழத்துக்குக் கீழே உடம்பு தானாகவே அமிழத் தொடங்கும். திரும்பி வரும்போது முதல் சில மீட்டர்தான் மிகவும் கடினம். இறங்கும் வேகத்தையும் ஏறும் வேகத்தையும் ஆழத்தோடு இணைத்து எழுதினால் இது சில வரி புரோகிராம்தான். எழுதிப் பார்த்தால், கயிறு ஏன் வேண்டும் என்பது விளையாடுகிறவரின் கட்டை விரலுக்கே புரிந்துவிடும்.

இனி உங்கள் நண்பர். அவரை ஒதுக்கிவிடாதீர்கள். 3டி மேல் ஆசை உள்ளவர் இல்லாமல் இந்த கேம் முழுமையாகாது. 'டெட் செல்ஸ்' என்ற 2018-ஆம் ஆண்டு கேமில் பாத்திரங்களை 3டி மாடலாகச் செய்து, அதைச் சின்னச் சின்னப் பிக்சல் படங்களாக மாற்றி, 2டியில் ஓடவிட்டார்கள். 2023-இல் வந்து 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற 'டேவ் த டைவர்' உங்களுடையதைப் போலவே பக்கவாட்டில் கடலுக்குள் இறங்கும் கேம். அதில் ஆட்கள் பிக்சல் ஓவியம், பின்னணி 3டி. உங்கள் நண்பர் 3டி மாடல் செய்யும் பிளெண்டரில் படகைச் செய்யட்டும். இலவச மென்பொருள்தான். படகு அலையில் ஆடுவதைப் பல கோணங்களில் எடுத்துப் படங்களாக மாற்றித் தரட்டும். ஆடும் படகைக் கையால் வரைவது நரக வேலை, மாடலாகச் செய்தால் ஒரு வாரம். அவருக்கும் மாடலிங் கைவரும், நாளை வேலை தேடும்போது காட்ட ஒரு பொருள் இருக்கும்.

"2டியை யாரும் சீண்ட மாட்டார்கள்" என்பதற்கு மட்டும் ஒரு பதில். டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' 2டி. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற புதிர். அவ்வளவு சின்ன கேம். மறுவருடம், அறிமுக கேமுக்கென்று பிரிட்டனில் தரப்படும் பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது. சமையல் நோட்டில் எழுத்து அழிந்த இடத்தை நாம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த கேமின் உயிர். அதற்கு 2டி ஏற்றதாக இருந்தது, அதில் செய்தார்கள்.

இவ்வளவு சொல்லியும் நண்பருக்கு மனம் ஆறவில்லை என்றால், வாதாட வேண்டாம். ஒரே ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஓவியம் கூடாது, மாடல் கூடாது, வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒரு பெட்டி படகு, ஒரு பெட்டி தாத்தா, ஒரு கோடு கயிறு, பத்து வட்டங்கள் சங்கு. பக்கவாட்டு மாதிரியை நீங்கள் செய்யுங்கள். அதையே 3டியில் அவர் செய்யட்டும். கேம் உருவாக்க உதவும் கோடாட் என்ஜினில் இரண்டும் செய்யலாம், அதுவும் இலவசம். கேம் விளையாடிப் பழக்கமில்லாத ஐந்து பேரிடம் இரண்டையும் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "இப்படி அழுத்துங்க" என்றுகூடச் சொல்லக் கூடாது. எதில் அவர்கள் மூச்சு தீரும் முன்பே, தாங்களாகவே கயிற்றை இழுக்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். 3டி மாதிரியில் அது அதிகம் நடந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே செய்யுங்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் உங்கள் தாத்தாவாக இருக்கட்டும். அவர் இருக்கிறார் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவர் கையில் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணலில் சங்கு போன தடம் தெரியுமா, எதை வைத்து இடம் கண்டுபிடிப்பார்? காது அடைக்கும்போது என்ன செய்வார்? மேலே இருப்பவருக்குக் கயிற்றை எத்தனை தரம், எப்படி இழுத்துக் காட்டுவார்? மேலே யார் பிடித்திருந்தார்கள், அவரை எப்படி நம்பி இறங்கினார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.